லேண்ட் ரோவர் சீரிஸ் 1, 2, 2ஏ, 3: முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க எதை எடுப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். கேட்டவர் முன் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று 1965ஆம் ஆண்டு சீரிஸ் 2ஏ, மற்றது 1976ஆம் ஆண்டு சீரிஸ் 3. இரண்டும் 88 அங்குலம் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி), இரண்டும் பெட்ரோல். 2ஏ ஓடாமல் கிடக்கிறது. சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், துருவில் உதிர்கிறது. ஆனால் பாகங்கள் எல்லாம் இருக்கின்றன, பல்க்ஹெட்டும் (என்ஜினுக்குப் பின்னால் நிற்கும் எஃகுச் சுவர்) பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. சீரிஸ் 3 ஓடுகிறது. சேஸிஸில் ஒட்டு மேல் ஒட்டு, பல்க்ஹெட்டில் கால் வைக்கும் இடத்தில் ஓட்டை. இவற்றில் எதை எடுப்பது, இல்லை பொறுத்திருந்து சீரிஸ் 1 தேடுவதா என்று கேட்கிறார். ஒற்றைக் கார் நிற்கும் கொட்டகை, சாதாரணக் கருவிகள், வெல்டிங் இப்போதுதான் பழகுகிறார், முடித்ததும் தானே ஓட்ட வேண்டும் என்ற ஆசை. ஆகவே எந்தத் தலைமுறை உயர்ந்தது என்ற பழைய வழக்கை விட்டுவிட்டு, இப்படிப்பட்ட ஒருவர் எதைத் தொடங்கினால் பாதியில் கைவிடாமல் முடிப்பார் என்று பார்க்கிறேன்.

முதலில் தலைமுறைகள். சீரிஸ் 1 என்பது 1948 முதல் 1958 வரை. 80 அங்குலச் சக்கர இடைவெளியுடன் தொடங்கி, 1954 மாடலில் 86, 107 என்று நீண்டு, 1956 இறுதியில் 88, 109 ஆனது. கடைசி இரண்டு அங்குலமும் வரவிருந்த டீசல் என்ஜினுக்கு முன்பக்கம் இடம் கொடுக்கச் சேர்த்தது. சீரிஸ் 2 என்பது 1958 முதல் 1961 வரை; இடுப்பருகே வெளியே வளைந்த பக்கத் தகடும், சில தொடக்க வண்டிகள் தவிர மற்றவற்றில் 2286 சிசி பெட்ரோல் என்ஜினும் இதில்தான் வந்தன. 2ஏ என்பது 1961 முதல் 1971 வரை. அதே 2286 சிசி அளவில் டீசலும் சேர்ந்தது. சீரிஸ் 3 என்பது 1971 முதல் 1985 வரை. முன்னோக்கிய நான்கு கியருக்கும் சிங்க்ரோமெஷ் (பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே சமன்செய்து கியர் எளிதாக விழ உதவும் அமைப்பு), ஆல்டர்னேட்டர், ஓட்டுநருக்கு நேர் எதிரே மீட்டர்கள், பிளாஸ்டிக் கிரில். புதுப்பிக்கும் வேலையைப் பொறுத்தவரை 2, 2ஏ இரண்டையும் ஒரே வண்டியாகவே கொள்ளலாம். முகப்பு விளக்கு கிரில்லுக்குள் இருப்பதும், 1969 வாக்கில் மட்கார்டுக்கு நகர்ந்ததும் தோற்றத்தில்தான் வித்தியாசம். அதற்காக ஒரு வண்டியை விட்டு இன்னொன்றைத் தேடிப் போக வேண்டாம்.

சீரிஸ் 1 பற்றிய கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: முதல் வண்டியாக வேண்டாம். அழகில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சிக்கல் பாகங்களில் இருக்கிறது. பத்தே ஆண்டுகளில் சக்கர இடைவெளி மாறிக்கொண்டே போனதால், 80 அங்குல வண்டியின் உடல் தகடுகள் பல 86-க்குச் சேராது. என்ஜின் 1595 சிசியில் தொடங்கி 1997 சிசி ஆனது. அதிலும் முதலில் வந்தது பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவே தண்ணீர் ஓடாத அமைப்பு, பிறகு வந்தது இடைவெளி விட்ட அமைப்பு. இரண்டிலும் இன்லெட் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பக்கவாட்டில் பிளாக்கில். எந்திரம் நல்லதுதான், ஆனால் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்தால் வேலை ஹெட்டோடு நிற்காமல் பிளாக்கிலேயே செய்ய வேண்டியிருக்கும். 1950க்கு முந்தைய வண்டிகளில் நான்கு சக்கர இயக்கம் எப்போதும் இணைந்தே இருந்து, முன் ஆக்ஸிலுக்குப் போகும் வழியில் ஃப்ரீவீல் (ஒரு திசையில் மட்டும் பிடித்து, மறு திசையில் தளர்ந்து சுற்றும் இணைப்பு) ஒன்று இருக்கும். அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகள் குறைவு. இருக்கைச் சட்டம், டெயில்கேட் கொக்கி, ஹூட் கம்பி என்று சின்னச் சின்னவை விடுபட்ட சீரிஸ் 1, தேடித் தேடியே ஆளைச் சோர வைத்துவிடும். ஒரு பாகமும் குறையாத வண்டி கிடைத்து, அசல் தன்மையைக் காப்பதே நோக்கம் என்றால் மட்டும் எடுக்கலாம்.

இனி 2ஏ-வா, 3-ஆ. இதில் ஊர் ஊராகச் சொல்லப்படும் வாதம் கியர்பாக்ஸைப் பற்றியது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: 2ஏ-வில் மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மட்டும் சிங்க்ரோ உண்டு. இரண்டுக்கு இறங்கும்போது கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் என்ஜின் வேகத்தைக் கூட்டிச் சேர்க்க வேண்டும். ஒன்றாம் கியர் போடுவது பெரும்பாலும் வண்டி நின்ற பிறகே. சீரிஸ் 3-இல் இந்தப் பழக்கம் தேவையில்லை. இதைத் தாண்டி, ‘2ஏ பாக்ஸ் இரும்பு, 3 பாக்ஸ் மென்மை’ என்று சொல்வதை நான் சந்தேகத்துடனே பார்க்கிறேன். அரை நூற்றாண்டு ஓடிய பெட்டியின் ஆயுளை அதன் வடிவமைப்பைவிட, யார் எந்த எண்ணெய் ஊற்றி ஓட்டினார், கடைசியாகப் பிரித்தவர் எவ்வளவு கவனமாகச் சேர்த்தார் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இரண்டாம் கியரில் இழுத்துக்கொண்டு போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால் உள்ளே புஷ், ஹப், செலக்டர் ஏதோ தேய்ந்திருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்றில் இரைச்சல் இருந்து நான்கில் அடங்கினால் லேஷாஃப்ட்டையும் (கியர்பாக்ஸுக்குள் இருக்கும் துணைத் தண்டு) அதன் பேரிங்கையும் சந்தேகியுங்கள். நான்காம் கியர் நேர் இணைப்பு, அப்போது லேஷாஃப்ட் மேல் சுமை இல்லை. ஓடாத 2ஏ-வில் இந்தச் சோதனை செய்ய முடியாது. ஆகையால் அதன் கியர்பாக்ஸை ஓவர்ஹால் செய்யும் செலவைக் கணக்கில் சேர்த்தே விலை பேசுங்கள். எண்ணெய்க்கு ஈ.பி. 90, ஜி.எல்.4 வகை (ஜி.எல். என்பது கியர் எண்ணெயின் தரக் குறியீடு). வெண்கல புஷ்கள் உள்ள பெட்டிக்கு ஜி.எல்.5 ஆகாது என்பாரும், இன்றைய ஜி.எல்.5 ஒன்றும் செய்யாது என்பாரும் உண்டு, ஜி.எல்.4 கிடைக்கும்போது அந்த வாதத்துக்குள் போக வேண்டியதே இல்லை. கியர்பாக்ஸுக்கு ஏறத்தாழ 1.5 லிட்டர், அதன் பின்னால் இருந்து முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கு 2.5 லிட்டர். இரண்டும் தனித்தனி அறைகள். டிரான்ஸ்ஃபர் பாக்ஸில் அளவு ஏறி, கியர்பாக்ஸில் குறைந்துகொண்டே வந்தால் நடுவிலுள்ள சீல் போய்விட்டது என்று பொருள்.

என்ஜினைப் பற்றிக் கவலை குறைவு. 2286 பெட்ரோல் என்ஜின் இரண்டு வண்டியிலும் அடிப்படையில் ஒன்றே. 1980 வரை கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங், அதன் பிறகு ஐந்து. டீசலில் மூன்று பேரிங் கிராங்க் உடைவது அறிந்த குறை; பெட்ரோலில் அதே மூன்று பேரிங் பெரிய தொல்லை தராது. ஆகவே 1965 ஆனாலும் 1976 ஆனாலும் பேரிங் எண்ணிக்கை உங்கள் தேர்வில் நுழையாது. டீசல் வண்டி மலிவாக வந்தால் கிராங்கை வெளியே எடுத்து விரிசல் சோதனை செய்யாமல் நம்ப வேண்டாம். ஆறு சிலிண்டர் 2625 சிசி, எக்ஸாஸ்ட் வால்வு கருகும் பழக்கம் உள்ளது. முதல் வேலைக்கு ஏற்றதல்ல. கிடந்த என்ஜினைச் சுழற்றும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். ஓடும் என்ஜின் என்றால் சூடான நிலையில் நான்கு சிலிண்டர் கம்ப்ரெஷனும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எண்ணெய் அழுத்தம் நிமிடத்துக்கு 2000 சுற்றில் 35 முதல் 65 பி.எஸ்.ஐ. கிராங்க் முன்னும் பின்னும் நகரும் அளவு 0.05 முதல் 0.15 மி.மீ. வரை இருக்கலாம், கிளட்சை மிதிக்கும்போது புல்லி முன்னே தள்ளப்படுவது கண்ணுக்கே தெரிந்தால் அந்த நகர்வைத் தடுக்கும் திரஸ்ட் வாஷர் போயிற்று. டாப்பெட் இடைவெளி இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.25 மி.மீ., பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஈயம் இல்லாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் சீட்டைத் தின்னுமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. நீண்ட தூரம் முழு வேகத்தில் ஓடும் வண்டியில் சீட் உள்ளிறங்கும். வாரக் கடைசியில் மெதுவாக ஓடும் வண்டியில் மிக மெல்லத்தான் நடக்கும். ஹெட்டை எப்படியும் கழற்றப் போகிறீர்கள் என்றால் கடினமான எக்ஸாஸ்ட் சீட் போட்டுவிடுங்கள். கழற்றவில்லை என்றால் டாப்பெட் இடைவெளி தானாகக் குறைகிறதா என்று அவ்வப்போது அளந்தாலே போதும்.

உண்மையான முடிவு சேஸிஸிலும் பல்க்ஹெட்டிலும் இருக்கிறது. இந்த வண்டிகளின் வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியக் கலவை. துருப்பிடிக்காத அந்தத் தோல், கீழே அழுகும் எஃகை மறைத்துவிடும். சேஸிஸ் ஏறத்தாழ 2 மி.மீ. தகடுகளை விளிம்போடு விளிம்பு வெல்டிங் செய்து உண்டாக்கிய பெட்டி. சேறும் நீரும் உள்ளே தங்கி உள்ளிருந்து வெளியே அரிக்கும். அதனால் வெளியே பளபளக்கும் கருப்புப் பெயின்ட் எதையும் சொல்லாது. சிறு சுத்தியலால் நீளமெங்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்னும், அழுகிய இடம் பொத்தென்னும். பின் கிராஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்), பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், பக்கவாட்டில் நீண்டு பல்க்ஹெட்டைத் தாங்கும் அவுட்ரிக்கர்கள், பெட்ரோல் டேங்குக்கு மேலுள்ள பகுதி, முன்னால் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் கொம்புகள் ஆகியவைதான் முதலில் போகும். பின் கிராஸ்மெம்பரும் அவுட்ரிக்கரும் மட்டும் என்றால் ஆயத்தப் பாகங்கள் கிடைக்கின்றன, வெல்டிங் செய்யலாம். ஸ்பிரிங் மாட்டும் இடங்களும் பக்க ரெயில்களும் போயிருந்தால் ஒட்டுப் போடுவதை நிறுத்திக்கொண்டு, துத்தநாகத்தில் தோய்த்த புதுச் சேஸிஸ் வாங்குங்கள். 88 அங்குல 2ஏ-வுக்கும் 3-க்கும் அவை செய்து விற்கப்படுகின்றன. ஒட்டு மேல் ஒட்டு என்று நீங்கள் எழுதியிருக்கும் சீரிஸ் 3-ஐப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் பழைய துருத் தகட்டின் மேல் புதுத் தகட்டை மூடிச் சுற்றி வெல்டிங் செய்திருந்தால், நடுவில் ஈரம் தங்கி இன்னும் வேகமாக அரித்துக்கொண்டிருக்கும் என்பது நிச்சயம்.

பல்க்ஹெட் என்பது என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் எஃகுச் சுவர். கதவு கீல், விண்ட்ஸ்கிரீன், பெடல், ஸ்டியரிங் தண்டு, வயரிங், மீட்டர் எல்லாம் அதைப் பிடித்தே நிற்கின்றன. சேஸிஸ் மாற்றும் வேலை உடலுக்குக் களைப்பு. ஆனால் போல்ட் கழற்றி போல்ட் போடும் வேலை, வரிசை தெரிந்தால் பொறுமையே போதும். பல்க்ஹெட் அப்படியல்ல. கால் வைக்கும் குழிக்கும் கதவுத் தூணின் அடிக்கும் தகடு கிடைக்கும், பழகுகிற வெல்டருக்கும் அது கைவசப்படும். மேல் மூலைகளும், விண்ட்ஸ்கிரீனுக்குக் கீழே காற்று மூடிகள் இருக்கும் இடமும், தூண்களின் முழு உயரமும் அழுகியிருந்தால், அளவு தப்பாமல் திரும்பக் கட்ட ஜிக் (தகடுகளைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் சட்டம்) வேண்டும், இரண்டு மி.மீ. கோணினாலும் கதவு சொல்லிவிடும். ஆகவே விரலால் அழுத்திப் பார்க்க வேண்டிய முதல் இடம் அந்த மேல் மூலைகள். அங்கே பெயின்ட் கொப்பளித்திருந்தால் தகடு உள்ளே போயிற்று. வெட்டும் முன் கதவை மாட்டி, தூணுக்குத் தூண் குறுக்காக ஒரு கம்பியை வெல்டிங் செய்து நிறுத்திவிட்டுத்தான் பழைய தகட்டை எடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் இரண்டு வண்டிகளையும் இதில் வைத்துப் பாருங்கள். 2ஏ-வில் போனது சேஸிஸ், அது வாங்கக்கூடியது. சீரிஸ் 3-இல் பல்க்ஹெட் ஓட்டை, சேஸிஸ் ஒட்டு. இரண்டும் ஒருநாள் செய்தே ஆக வேண்டும், ஓடுகிறதே என்ற ஆறுதலில் தள்ளிப்போடத்தான் தோன்றும். ஆகவே நான் 2ஏ-வைத் தேர்ந்தெடுப்பேன். ஒரே ஒரு நிபந்தனையில் இந்த முடிவு மாறும்: சீரிஸ் 3 பல்க்ஹெட்டின் சேதம் கால் குழியோடு நின்று, மேல் மூலைகள் கெட்டியாக இருந்து, தினமும் போக்குவரத்தில் ஓட்டுவதுதான் உங்கள் எண்ணம் என்றால், சிங்க்ரோவும் ஆல்டர்னேட்டரும் தரும் சௌகரியத்துக்காக 3-ஐ எடுக்கலாம்.

2ஏ எடுத்தால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை சில. மின்சாரம் 1967 வாக்கு வரை பாசிட்டிவ் எர்த். 1965 வண்டியில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு சேர்ந்திருக்கும். பார்க்காமல் இன்றைய ரேடியோவோ எலக்ட்ரானிக் இக்னிஷனோ மாட்டினால் அந்த நொடியே கருகும். நெகட்டிவுக்கு மாற்றுவது கடினமல்ல: பாட்டரி இணைப்பைத் திருப்பி, காயிலின் இரு வயர்களை மாற்றி, டைனமோவின் ஃபீல்டைப் பாட்டரியால் ஒரு கணம் தொட்டுத் துருவம் மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம் மரை. 2ஏ-வில் பி.எஸ்.எஃப். (பழைய பிரிட்டிஷ் நுண்மரை), யு.என்.எஃப். (பின்னர் வந்த பொது நுண்மரை) இரண்டும் கலந்திருக்கும், சீரிஸ் 3 பெரும்பாலும் யு.என்.எஃப். 5/16 அங்குல பி.எஸ்.எஃப். ஓர் அங்குலத்துக்கு 22 மரை, யு.என்.எஃப். 24, கால் அங்குலத்தில் 26, 28. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் முதல் இரண்டு சுற்று கையால் ஏறும், அப்புறம் இறுகும், ஸ்பேனர் போட்டால் அலுமினிய ஹவுசிங்கின் மரை மொத்தமாக உரியும். ஒரு மரை அளவி வாங்கி, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தின் பெயர் எழுதிய பையில் போடுங்கள்.

பிரிக்கும் வேலையில் ஆளைக் காயப்படுத்தக்கூடியது ஸ்டியரிங் ரிலே, அதாவது ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் இடைத்தண்டு. முன் கிராஸ்மெம்பருக்குள் செருகிய இரும்புக் குழாய் அது; துருவில் ஒட்டிக்கொண்டு வராது. பல நாள் ஊடுருவும் எண்ணெய் விட்டு, சூடாக்கி, ஜாக்கால் மேல்நோக்கித் தள்ளி எடுக்க வேண்டியிருக்கும். உள்ளே அமுங்கிய பெரிய ஸ்பிரிங் ஒன்று, பிளந்த புஷ்களை நெருக்கிக்கொண்டு இருக்கிறது. தண்டை உருவினால் அது குண்டுபோலப் பறக்கும். ஹோஸ் கிளிப்புகளால் புஷ்களைக் கட்டிய பிறகே மெல்ல வெளியே விடுங்கள், முகத்தை அதன் பாதையில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் சுற்றிப் பார்த்து, நன்றாக இருந்தால் பிரிக்காமல் எண்ணெய் மாற்றி விட்டுவிடுவதே நல்லது. முன் ஆக்ஸிலின் இரு முனையிலும் சக்கரம் திரும்ப உதவும் சுவிவல் உருண்டைகளில் குரோம் குழி விழுந்திருந்தால் சீல் எத்தனை மாற்றினாலும் ஒழுகும். உருண்டையையே மாற்ற வேண்டும்.

சேர்க்கும்போது வரிசை தவறினால் கதவு மூடாது. புதுச் சேஸிஸின் மரைத் துளைகளிலும் போல்ட் துளைகளிலும் துத்தநாகம் திரண்டிருக்கும், டேப் விட்டுச் சுத்தம் செய்து தொடங்குங்கள். ஆக்ஸிலும் ஸ்பிரிங்கும் முதலில். 88 அங்குலத்தில் ஓட்டுநர் பக்க ஸ்பிரிங் வளைவு அதிகமுள்ளது; இடம் மாற்றிப் போட்டால் வண்டி சாய்ந்தே நிற்கும். ஸ்பிரிங் புஷ் போல்ட்டுகளை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும்; தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பிறகு பல்க்ஹெட்டைத் தளர்வாக நிறுத்தி, உடலின் பின்பகுதியான தொட்டியை வைத்து, கதவுகளை மாட்டி, இடைவெளி மேலும் கீழும் சமமாகும்வரை நகர்த்தி, அதன் பிறகே எல்லாவற்றையும் இறுக்குங்கள். இதற்கு முன் பெயின்ட் அடிக்க வேண்டாம். அலுமினியமும் எஃகும் தொடும் ஒவ்வோர் இடத்திலும் தடுப்புப் பசை தடவுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினியத்தில் நேராகப் போட்டால் ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் போகும். பிரேக்கில் பைப், ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதிது. இதில் பழையது எதையும் காப்பாற்ற முயல வேண்டாம். 88-இல் பத்து அங்குல டிரம், சரியாக அட்ஜஸ்ட் செய்தால் அசல் என்ஜினுக்குப் போதும். பிற்கால டர்போ டீசலை உள்ளே வைக்க நினைப்பவர்கள், முன்னால் 109-இன் பதினொரு அங்குல டிரம்மை மாட்டிவிட்டு என்ஜினை யோசிக்கட்டும்.

பணம் கொடுக்கும் முன் எண்ணைப் பாருங்கள். சீரிஸ் 2 முதல் சேஸிஸ் எண் வலது முன் ஸ்பிரிங் கொம்பில் பதிந்திருக்கும். பல்க்ஹெட்டிலோ இருக்கைப் பெட்டியிலோ தகடும் இருக்கும். பிரிட்டனின் உள்நாட்டு விற்பனைக்கான வலப்பக்க ஸ்டியரிங் 88 பெட்ரோலில் 2ஏ எண் 241 என்று தொடங்கும், சீரிஸ் 3 எண் 901 என்று தொடங்கும். இறுதியில் வரும் ஆங்கில எழுத்து எந்தக் கட்டத் தயாரிப்பு என்பதைக் காட்டும், பாகம் வாங்கும்போது கடைக்காரர் கேட்பது அதைத்தான். தகட்டில் ஒன்றும் சேஸிஸில் ஒன்றுமாக இருந்தாலோ, ஆவணத்தோடு ஒத்துப்போகாவிட்டாலோ, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். சேஸிஸ் மாற்றினால் பதிவு என்ன ஆகும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் பதிவு அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு புதுச் சேஸிஸுக்கு ஆர்டர் கொடுங்கள். எண் தெரியும் பழைய கொம்பை வெட்டி எறியாமல், அவர்கள் பார்த்து முடிக்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.